காசு வெட்டுப்பட்டது, பக்கத்தில் ஒன்றும் வரவில்லை: ரீடைரெக்டில் தொலைந்த அறிவிப்புகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காசு கட்டியவர்கள் அதே காசைத் திரும்பவும் கட்டினார்கள். முறைப்பாடு இவ்வளவுதான்.

இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், உயர்தர மாணவர்களுக்கு வகுப்பு நடத்தும் தனியார் கல்வி நிலையம். பெயர் இங்கே தேவையில்லை. பெற்றோர் மாதக் கட்டணத்தை அதன் இணையத்தளத்தில் கட்டலாம், பிள்ளையின் விபரங்களைத் திருத்தலாம், நேரசூசி பார்க்கலாம். தளம், இணையத்தளங்களை எழுத உதவும் லாரவெல் என்ற கட்டமைப்பின் பழைய பதிப்பு ஒன்றில் எழுதப்பட்டது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார்; கொழும்பில் இது புதுக்கதை அல்ல. பராமரிப்பு எங்கள் கைக்கு வந்தபோது, கூடவே ஒரு சீஆர் கொப்பியும் வந்தது. இரண்டு தடவை கட்டியவர்களுக்குக் காசு திருப்பிக் கொடுத்த கணக்கை அலுவலக அக்கா அதில் எழுதி வைத்திருந்தார்.

“தம்பி, எல்லாரும் ஒரே கதைதான் சொல்லீனம். காசு வெட்டுப்பட்டிட்டுதாம், வங்கி எஸ்எம்எஸ்ஸும் வந்திட்டுதாம், ஆனா எங்கட பக்கத்தில ஒண்டும் காட்டேல்லையாம். அப்ப திரும்பக் கட்டத்தானே செய்வினம்?”

முந்தியவர் இதற்குச் செய்திருந்த வைத்தியம், படிவத்தின் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: “தயவுசெய்து ஒரு தடவை மட்டும் அழுத்தவும்.” பெற்றோர் ஒரு தடவைதான் அழுத்தினார்கள். பிறகு கட்டணம் வந்துசேர்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

செய்தி ஏன் தாண்டிப் போகவேண்டும்

படிவத்தை அனுப்பும்போது உலாவி ஒரு போஸ்ட் கோரிக்கையை, அதாவது படிவத்தில் எழுதியதைக் கொண்டுபோகும் கோரிக்கையை, வழங்கிக்கு (சேர்வருக்கு) அனுப்புகிறது. அதற்குப் பதிலாக வழங்கி உடனே ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டால், பயனர் ரீஃப்ரெஷ் செய்யும்போது அதே போஸ்ட் திரும்பப் போகும். அதனால் வேலையை முடித்ததும் “இந்த முகவரிக்குப் போ” என்று மட்டும் சொல்லி, அடுத்த பக்கத்தை கெட் கோரிக்கையாக, அதாவது பக்கத்தைத் தா என்று மட்டும் கேட்கும் கோரிக்கையாக, கேட்க வைப்பது வழக்கம். போஸ்ட், ரீடைரெக்ட், கெட் என்று மூன்றையும் சேர்த்தே இந்த முறைக்குப் பெயர்.

இதற்குப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது 302 என்ற விடைக்குறி. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி. 1996 இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்தின்படி 302 வந்தால் கோரிக்கையின் வகை மாறக்கூடாது. உலாவிகள் அதைக் கேட்கவில்லை, போஸ்டை கெட்டாக்கிவிட்டன. 1997 இல் வந்த எச்டிடிபி 1.1, “கெட்டாகவே போ” என்று வெளிப்படையாகச் சொல்ல 303 ஐக் கொண்டுவந்தது. வகையை மாற்றாதே என்று சொல்ல 1999 திருத்தத்தில் 307 வந்தது. லாரவெல் இன்றும் இயல்பாக 302 ஐத்தான் அனுப்புகிறது. நடைமுறையில் வேலை செய்கிறது, சரி. ஆனால் காசு சம்பந்தப்பட்ட இடத்தில் நான் 303 என்றே எழுதுவேன்.

சிக்கல் இந்தத் தாண்டலில்தான் இருக்கிறது. எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. கட்டணம் பதிவானது ஒரு கோரிக்கையில், அதைச் சொல்லவேண்டியது அடுத்த கோரிக்கையில். இரண்டுக்கும் நடுவில் செய்தியை எங்காவது வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான கட்டமைப்புகள் அதைச் செஷனில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக வைத்திருக்கும் தற்காலிகக் குறிப்பில், வைக்கின்றன. ரெயில்ஸ் அதற்கு பிளாஷ் என்று பெயரிட்டது. லாரவெல்லும் பிளாஸ்க்கும் அதே பெயரை எடுத்துக்கொண்டன. ஜாங்கோ 2010 இல் 1.2 பதிப்பில் மெசேஜஸ் என்று தனிப் பகுதியே சேர்த்தது. டொட்நெட்காரர்களுக்கு அது டெம்ப்டேட்டா.

பெயர் எதுவானாலும் ஒரு கேள்வியில் இவை பிரிகின்றன: செய்தியை எப்போது அழிப்பது? ஜாங்கோவில் செய்தி யாராவது எடுத்துக் காட்டும்வரை இருக்கும். (காட்டாத பக்கங்களைத் தொடர்ந்து திறந்தால் சேர்ந்து சேர்ந்து, பிறகு ஒரே பக்கத்தில் கொத்தாக வரும். அது வேறு தலையிடி.) லாரவெல்லின் பிளாஷ் அடுத்த கோரிக்கைக்கு மட்டும் உயிரோடிருக்கும். அந்த அடுத்த கோரிக்கை செய்தியைக் காட்டியதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கடிதத்தை அடுத்து வந்து கதவு தட்டுபவர் யாரானாலும் அவரிடம் கொடுத்துவிடும் காவலாளி மாதிரி.

மணி ஐகன்

தளத்தின் மேல் மூலையில் ஒரு மணி ஐகன் இருந்தது, புதிய அறிவிப்புகளின் எண்ணிக்கையைக் காட்ட. அந்த எண்ணிக்கைக்காக ஒவ்வொரு பக்கமும் 5 செக்கனுக்கு ஒரு தடவை வழங்கியிடம் கேட்டுக்கொண்டிருந்தது. விபரம் திருத்தும் பக்கத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால் கதை தெளிவாகத் தெரிந்தது. 7:41:08 க்கு போஸ்ட், அதே செக்கனில் 302. 7:41:09 க்கு மணி ஐகனின் கோரிக்கை. 7:41:11 க்குத்தான் விபரப் பக்கத்துக்கான கெட் வந்து சேர்கிறது. “விபரம் சேமிக்கப்பட்டது” என்ற செய்தி 7:41:09 இல் வந்த கோரிக்கையோடு போய்விட்டது. அதற்கு வேண்டியது ஒரு எண் மட்டும். செய்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ரீடைரெக்ட் வந்ததும் பழைய பக்கம் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய பக்கத்தின் பதில் வந்து சேரும்வரை பழைய பக்கத்தின் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அலுவலகத்து ஃபைபர் இணைப்பில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி கைபேசியில் திருத்துபவருக்கு அது சில செக்கன்கள் நீளும். எங்கள் மேசையில் ஒருநாளும் வராத பிழை பெற்றோரிடம் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். அக்காவின் கணினியில் நிலைமை இன்னும் மோசம்: எப்போதும் நாலைந்து டேப் திறந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மணி.

இதைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாகச் சொல்லும் மருந்து, செய்தியைக் காட்டிய பிறகு மட்டும் அழி என்பது. லாரவெல்லில் அது கடினமில்லை. பிளாஷை விட்டுவிட்டுச் சாதாரணச் செஷன் மதிப்பாக வைத்து, பக்க வார்ப்புருவில் எடுத்தவுடன் அழித்தால் போதும். செய்தோம். செய்திகள் தொலைவது குறைந்தது, நிற்கவில்லை.

ஏனென்றால் லாரவெல் செஷனை முழுதாக வாசித்து, கோரிக்கை முடியும்போது முழுதாகத் திரும்ப எழுதுகிறது. நடுவில் பூட்டு இல்லை. லாரவெல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் சொந்தக் கோப்புச் செஷனில் பூட்டு உண்டு, அதனால் அங்கே ஒரு கோரிக்கை முடியும்வரை மற்றது காத்திருக்கும். இங்கே மணியின் கோரிக்கை, போஸ்ட் முடியுமுன் செஷனை வாசித்துவிட்டு, போஸ்ட் முடிந்தபின் தன் பழைய பிரதியை மேலே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் செய்தி யாராலும் வாசிக்கப்படாமலே அழிந்துபோகும். கடைசியில் மணியின் பாதையைச் செஷனுக்கு வெளியே எடுத்தோம்: பக்கத்தோடு கொடுக்கப்படும், போலி செய்ய முடியாதபடி கையொப்பமிட்ட சிறு அடையாளக் குறியை (டோக்கனை) பார்த்து எண்ணை மட்டும் திருப்பிக் கொடுக்கும், செஷனைத் தொடாது. 5 செக்கனை 60 ஆக்கினோம். எண்ணிக்கை ஒரு நிமிடம் பிந்தி வந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓடிபி பிந்தியவர்கள்

மணி ஐகன் விபரப் பக்கத்தை விளக்கியது. கட்டணத்தை விளக்கவில்லை. வங்கியின் பக்கத்தில் இருக்கும்போது எங்கள் மணி ஓடுவதில்லையே.

துப்பு சீஆர் கொப்பியில் இருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் அக்கா “ஓடிபி லேட்” என்று எழுதியிருந்தார். தொலைபேசியில் பேசும்போது பெற்றோர் தாங்களாகச் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறார். ஐபோன் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் மிகக் குறைவு என்பதையும் பிறகு கவனித்தோம்.

பாதை இப்படி: எங்கள் தளத்திலிருந்து பெற்றோர் வங்கியின் கட்டணப் பக்கத்துக்குப் போகிறார். அட்டை இலக்கம், ஓடிபி எல்லாம் அங்கே. முடிந்ததும் வங்கியின் பக்கம், முடிவைத் தாங்கிய ஒரு படிவத்தைத் தானாகவே எங்கள் முகவரிக்கு போஸ்ட் செய்கிறது. பயனரின் செஷன் எது என்று காட்ட உலாவி வைத்திருக்கும் சிறு குறிப்புத்தான் குக்கி. வேறொரு தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால், அப்படி வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட் விதி இங்கே குறுக்கே வருகிறது. லாக்ஸ் என்று குறித்த குக்கி, வேறு தளத்திலிருந்து இணைப்பை அழுத்தி வரும் கெட்டோடு போகும், போஸ்டோடு போகாது. 2020 பெப்ரவரியில் குரோமின் 80 ஆம் பதிப்போடு, எதுவும் குறிக்காத குக்கிகளையும் லாக்ஸ் ஆகவே எடுத்துக்கொள்ளும் மாற்றம் தொடங்கியது. ஆனால் ஒரு சலுகையும் சேர்த்தே வந்தது: எதுவும் குறிக்காத குக்கி வைக்கப்பட்டு 2 நிமிடம் ஆகாவிட்டால், அப்படிப்பட்ட போஸ்டோடும் அது போகும்.

இந்தத் தளத்தின் குக்கியில் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே 2 நிமிடத்துக்குள் ஓடிபியைப் போட்டு முடித்தவருக்கு எல்லாம் ஒழுங்கு. பிந்தியவருக்குக் குக்கி வரவில்லை. சஃபாரி அந்த இயல்புநிலையை எடுத்துக்கொள்ளாததால் ஐபோன்காரர் தப்பினார்கள். முந்தியவர் சோதித்தபோது ஒரு பிழையும் தெரிந்திருக்காது. சோதனை அட்டைக்கு ஓடிபி காத்திருக்க வேண்டியதில்லை.

குக்கி வராதபோது நடந்ததை அடியொற்றிப் பார்த்தோம். போஸ்ட் வருகிறது. வங்கியின் கையொப்பம் சரி, கட்டணம் டேட்டாபேஸில் பதிவாகிறது. செஷன் இல்லாததால் லாரவெல் புதிய ஒன்றைத் திறந்து, பழைய குக்கிக்கு மேலே புதியதை வைத்துவிடுகிறது. “கட்டணம் கிடைத்தது” என்ற பிளாஷ் அந்தப் புதிய செஷனுக்குள் போகிறது. கட்டணப் பக்கத்துக்கு ரீடைரெக்ட். அந்தப் பக்கம், உள்நுழைந்தவர்களுக்கு மட்டும். புதிய செஷனில் யாரும் உள்நுழையவில்லை. உள்நுழைவுப் பக்கத்துக்கு இன்னொரு ரீடைரெக்ட். பிளாஷ் உயிரோடிருக்கும் அந்த ஒரு கோரிக்கை, ஒரு எழுத்தும் காட்டாத இந்த நடுத் தாண்டலில் செலவாகிப் போகிறது. பெற்றோர் காண்பது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வெற்றுப் படிவம். நேரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துத் திரும்ப உள்நுழைகிறார். கட்டணப் பக்கம் வருகிறது. அதில் பெரிதாக ஒரு பொத்தான்: “கட்டணம் செலுத்துக.”

அந்தப் பொத்தான் கட்டணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே மாதிரித்தான் இருந்தது. என் பார்வையில் சேம்சைட்டைவிட இதுதான் பெரிய பிழை. காசு கட்டியாயிற்று என்ற தகவல் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது; பயனருக்குச் சொல்லும் பொறுப்பை மட்டும் ஒரு தடவை மின்னி மறையும் பெட்டியிடம் விட்டிருந்தார்கள். பிளாஷ் தொலையக்கூடியது. தொலைந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாத செய்திகளைத்தான் அதில் வைக்கலாம்.

மாற்றியவை

குக்கியில் சேம்சைட் ‘நன்’ (None, கட்டுப்பாடு எதுவும் இல்லை) என்று குறித்துவிடுங்கள், வேலை முடியும் என்று ஒரு யோசனை வந்தது. முடியும்தான். ஒரு திரும்பும் முகவரிக்காக, உள்நுழைவுக் குக்கியை எல்லாத் தளங்களிலிருந்தும் வரும் கோரிக்கைகளோடும் போகவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாறாக, குக்கியை லாக்ஸ் என்றே வெளிப்படையாகக் குறித்தோம். அதோடு 2 நிமிடச் சலுகையும் போனது. இனி தவறினால் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தவறும், சோதனையிலேயே தெரிந்துவிடும்.

வங்கி திரும்பி வரும் முகவரியைச் செஷனுக்கு வெளியே எடுத்தோம். அது உள்நுழைவு கேட்காது, குக்கியும் வைக்காது. கையொப்பத்தைச் சரிபார்த்து, கட்டணப் பதிவை மாற்றி, ஊகிக்க முடியாத ஒரு குறியீட்டோடு பற்றுச்சீட்டுப் பக்கத்துக்கு 303 அனுப்பும். அங்கிருந்து வருவது கெட் என்பதால் பழைய லாக்ஸ் குக்கி கூடவே வருகிறது. இடையில் யாரும் அதை மாற்றி எழுதவில்லை என்பதால் பெற்றோர் உள்நுழைந்தபடியே இருக்கிறார். அப்படியே குக்கி இல்லாமல் வந்தாலும் பக்கம் தொகையையும் மாதத்தையும் காட்டும். பிள்ளையின் பெயரைக் காட்டாது.

பற்றுச்சீட்டுப் பக்கத்தில் பிளாஷே கிடையாது. டேட்டாபேஸில் உள்ள நிலையைப் பார்த்து எழுதுகிறது. எத்தனை தடவை ரீஃப்ரெஷ் செய்தாலும், அடுத்த நாள் திறந்தாலும் அதையே சொல்லும். வங்கியின் வழங்கி எங்கள் வழங்கிக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பும் அதே பதிவைத்தான் மாற்றும் என்பதால், பெற்றோர் பாதியில் உலாவியை மூடிவிட்டாலும் கணக்கு சரியாகவே இருக்கும்.

கட்டிய மாதத்துக்கு இப்போது பொத்தான் இல்லை, பற்றுச்சீட்டு இணைப்பு இருக்கிறது. ஒரே மாணவர், ஒரே வகுப்பு, ஒரே மாதம் என்றால் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே ஏற்காது. ரீடைரெக்ட் ரீஃப்ரெஷைத்தான் தடுக்கும். பொத்தானை இரண்டு தடவை தட்டுவதைத் தடுக்காது.

வாசகங்களுக்கு நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் போனது. பழையது: “உங்கள் கோரிக்கை வெற்றிகரமாகச் செயற்படுத்தப்பட்டது.” எந்தக் கோரிக்கை? புதியது: “மார்ச் மாத இணைந்த கணித வகுப்புக் கட்டணம் ரூபா 2,500 கிடைத்தது.” வங்கியிடமிருந்து இன்னும் உறுதி வராத நிலைக்குப் பழைய தளத்தில் வாசகமே இல்லை, தோல்வி என்றே காட்டியது. அதற்குத்தான் அக்காவையும் உட்கார வைத்து எழுதினோம்: “வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். உங்களுக்கு வங்கி எஸ்எம்எஸ் வந்திருந்தால் திரும்பக் கட்ட வேண்டாம். பதில் வந்ததும் இந்தப் பக்கம் தானாக மாறும்.” நடு வாக்கியம் அக்காவுடையது.

தோண்டும்போது கிடைத்தவை

சில ரீடைரெக்டுகளில் செய்தி முகவரியின் வாலிலேயே ஒட்டப்பட்டிருந்தது, முழு வாக்கியமாக. எழுத்துகளைக் கணினியில் வைக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும், ஆக 9 எழுத்து. 100 குறியீடுள்ள ஒரு வாக்கியம் முகவரியில் 900 எழுத்தாக நீளும். அது அழகுப் பிரச்சினை. ஆபத்து வேறு: முகவரியில் என்ன எழுதினாலும் தளம் தன் பச்சைச் செய்திப் பெட்டியில் காட்டிவிடும். “கட்டணத்தை இந்தக் கணக்கிலக்கத்துக்கு மாற்றவும்” என்று யாராவது ஓர் இணைப்பைச் செய்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். நிரல் நுழையாதபடி எழுத்துகளை வடிகட்டியிருந்தார்கள். பொய் வாக்கியத்தை எந்த வடிகட்டியும் பிடிக்காது. முகவரியில் போவது இப்போது ஒரு சிறு குறி மட்டும். வாக்கியம் தளத்துக்குள் இருக்கிறது.

அதே மாற்றம் மொழிப் பிரச்சினையையும் தீர்த்தது. தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஓடுகிறது. முன்பு வாக்கியத்தை மொழிபெயர்த்தபின் செஷனில் வைத்தார்கள். வங்கியிலிருந்து திரும்பும் பாதைக்கு மொழித் தெரிவு தெரியாது, எல்லாருக்கும் ஆங்கிலம். இப்போது குறியும் தொகையும் மாதமும் மட்டும் போகின்றன, காட்டும் பக்கம் தன் மொழியில் எழுதிக்கொள்கிறது.

நேரசூசிப் பக்கத்தை வேகமாக்க முழுப் பக்கத் தற்காலிகச் சேமிப்பு ஒன்றும் போட்டிருந்தார்கள். கடவுச்சொல் மாற்றிய ஒருவர் நேரசூசிக்குத் திருப்பப்பட்ட கணத்தில் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது; அதன்பின் நேரசூசி திறந்த அத்தனை பேருக்கும் “உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது.” அன்று அலுவலகத் தொலைபேசி ஓயவில்லையாம். செய்தி காட்டும் பக்கத்தைப் பொதுச் சேமிப்பில் வைக்காதபடி மாற்றினோம்.

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரை வாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் பச்சைப் பெட்டி எட்டவில்லை. எல்லாரும் பயன்படுத்தக்கூடியதாக இணையத்தளங்களை அமைப்பதற்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி; 2018 இல் வந்த அதன் 2.1 பதிப்பின் 4.1.3 ஆம் விதி நிலைச் செய்திகளைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுப் பெட்டிக்கு ஸ்டேட்டஸ் என்ற பங்கை (இது நிலைச் செய்தி என்று வாசிப்பானுக்குச் சொல்லும் குறியை) கொடுத்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பங்கு, பக்கம் திறந்தபின் நடக்கும் மாற்றத்தைச் சொல்லத்தான். ரீடைரெக்டுக்குப் பின் பெட்டி பக்கத்தோடேயே வருகிறது, மாற்றம் என்று ஒன்றுமில்லை, வாசிப்பான் பெரும்பாலும் பேசாமல் போய்விடும். பக்கத் தலைப்பின் முன்னால் செய்தியைச் சேர்த்தோம், திறந்ததும் குவியத்தை, அதாவது வாசிப்பான் நிற்கும் இடத்தை, பெட்டிக்கு நகர்த்தினோம். 3 செக்கனில் மறையும் பழக்கத்தையும் எடுத்துவிட்டோம். பெட்டியை மூடுவது பயனரின் வேலை.

தீர்க்காமல் விட்டது ஒன்று. ஒரே உலாவியின் எல்லா டேப்களுக்கும் செஷன் ஒன்றுதான். அக்கா ஒரு டேப்பில் சேமித்தால், நடுவில் வேறொன்றைத் திறந்துவிட்டால், செய்தி அங்கே போய் வரும். ஒவ்வொரு செய்திக்கும் தனிக் குறி கொடுத்து, ரீடைரெக்ட் முகவரியில் அதைச் சேர்த்தால் சரியான டேப்புக்கே போகும். செய்யட்டுமா என்று கேட்டோம்.

“எந்த ரப்பில வந்தாலும் பரவாயில்லை தம்பி. ஆற்ற பிள்ளை, எந்த வகுப்பு எண்டு பேர் இருந்தாக் காணும்.”

அலுவலகப் பக்கத்துச் செய்திகள் எல்லாவற்றிலும் மாணவர் பெயரையும் வகுப்பையும் சேர்த்தோம். தனிக் குறி வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.